பசியை அடக்கியவன்: 'ட்வைலைட்' படமும் எங்கள் ஊர்க் கொடைக் கதைகளும்

2008 நவம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான 'ட்வைலைட்' திரைப்படத்தைச் சிலர் காதல் படம் என்பார்கள், சிலர் இரத்தக்காட்டேரிப் படம் என்பார்கள். நான் அதைப் பசியைப் பற்றிய படமாகவே பார்க்கிறேன். எதிரே வந்து நிற்கும் பெண்ணின் இரத்தத்தைக் குடித்துவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் தவிக்கிற ஒருவன், அந்தத் தவிப்பை அடக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுதான் கதை. நாட்டார் தெய்வங்களுக்கு ஊர் எடுக்கும் கொடை விழாவில் நள்ளிரவில் தெய்வத்தின் பசி ஆற்றப்படுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த திருநெல்வேலிச் சீமைக்காரிக்கு இது அந்நியமான கதையாகத் தோன்றவில்லை. பதின்ம வயதுப் பெண்கள் விரும்பினார்கள் என்பதற்காகவே பலரால் இலேசாகப் பேசி ஒதுக்கப்பட்ட இந்தப் படத்தைப் பற்றி, அதற்குரிய மரியாதையோடு எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு.

நாவலை எழுதிய ஸ்டெஃபனி மேயர் அப்போது அரிசோனா மாநிலத்தில் மூன்று ஆண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த இல்லத்தரசி. 2003 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, காட்டுக்கு நடுவே உள்ள புல்வெளியில் ஒரு சாதாரணப் பெண்ணும் வெயிலில் மினுங்கும் ஓர் இரத்தக்காட்டேரியும் பேசிக்கொண்டு நிற்பதாக அவர் கனவு கண்டார். அந்த உரையாடலை மறந்துவிடக் கூடாது என்று எழுதத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் நாவலையே முடித்துவிட்டார். அது 2005இல் வெளிவந்தது. 2006, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் தொடரின் மற்ற மூன்று நாவல்களும் வந்தன. உலகெங்கும் பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்ற தொடர் அது. பாளையங்கோட்டையின் பெண்கள் விடுதிகளில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன படிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

படமாகும் உரிமை முதலில் பெரிய ஸ்டுடியோ ஒன்றிடம் இருந்தது. அங்கே எழுதப்பட்ட திரைக்கதையில் நாயகி ஓட்டப்பந்தய வீராங்கனையாக மாற்றப்பட்டிருந்தாள். அது கைவிடப்பட்ட பிறகு சம்மிட் என்ற சிறு நிறுவனம் உரிமையைப் பெற்று, கேத்தரின் ஹார்ட்விக்கை இயக்குநராக அமர்த்தியது. மெலிசா ரோசன்பர்க் நாவலுக்கு நெருக்கமாக நின்று திரைக்கதை எழுதினார். 3.7 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் அமெரிக்காவில் முதல் மூன்று நாளிலேயே ஏறத்தாழ ஏழு கோடி டாலரும், உலக அளவில் 40 கோடி டாலருக்கு மேலும் ஈட்டியது.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதுப் பெல்லா, தாயின் மறுமணத்துக்குப் பிறகு, பாலைவன நகரமான ஃபீனிக்ஸை விட்டு, வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் காவல்துறைத் தலைவராக இருக்கும் தந்தை சார்லியிடம் வந்து சேர்கிறாள். பள்ளியில் எட்வர்ட் கல்லன் என்ற மாணவனைச் சந்திக்கிறாள். அவன் 1901இல் பிறந்து, 1918இல் பரவிய நச்சுக் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது மருத்துவர் கார்லைலால் இரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன். அன்று முதல் அவனுக்கு வயது பதினேழுதான். கல்லன் குடும்பத்தார் மனித இரத்தத்தைத் தொடுவதில்லை என்று நோன்பு பூண்டவர்கள். காட்டு விலங்குகளின் இரத்தத்தைக் குடித்து உயிர் வாழ்கிறார்கள். எட்வர்டால் எல்லார் மனத்தையும் படிக்க முடியும். பெல்லாவின் மனத்தை மட்டும் படிக்க முடியாது. அவள் இரத்தத்தின் வாசனையோ வேறு எவருடைய வாசனையும் செய்யாத அளவுக்கு அவனை வதைக்கிறது.

இந்த வதையைப் படம் முதன்முதலில் காட்டும் இடம் உயிரியல் வகுப்பறை. பெல்லா உள்ளே நுழைகிறாள். ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிக்கு முன்னால் வந்ததும் அவளுடைய கூந்தல் பறக்கிறது, மேசையில் காகிதங்கள் படபடக்கின்றன, அந்தக் காற்று எட்வர்டின் முகத்தில் போய் மோதுகிறது. அவன் குமட்டல் வந்தவனைப் போல வாயையும் மூக்கையும் பொத்திக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால் பாடம் செய்து வைக்கப்பட்ட வெள்ளை ஆந்தை ஒன்று சிறகு விரித்து நிற்கிறது. காமிரா நிற்கும் கோணத்திலிருந்து பார்த்தால் அந்தச் சிறகுகள் அவன் தோளிலிருந்தே முளைத்தவை போலத் தெரியும். தேவதூதனும் வேட்டைப் பறவையும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. இயக்குநராவதற்கு முன் ஹார்ட்விக் பல ஆண்டுகள் திரைப்படங்களுக்குக் கலை வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர் என்பது இப்படிப்பட்ட இடங்களில் துலங்குகிறது. வசனமே இல்லாத அந்தச் சில நொடிகளில் பெல்லா தன்னை ஒருவன் வெறுப்பதாக எண்ணிக் கூசிப்போகிறாள், உண்மையில் அவனோ பசியில் துடித்துக்கொண்டிருக்கிறான். இந்தத் திரிபு முழுக் கதையையும் இழுத்துச் செல்லப் போதுமானது.

பசித்த அமானுடர்கள் எங்கள் சீமைக்குப் புதியவர்கள் அல்லர். சுடலைமாடனின் பிறப்புக் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும்: கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்த அந்தப் பிள்ளை, தாய்ப் பாலும் அமுதும் போதாமல், நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்றுவிட்டு வருகிறான். பிணம் தின்றவன் கயிலாயத்தில் இருக்கக் கூடாது என்பதால் பூலோகத்துக்கு அனுப்பப்படுகிறான். இங்கே வந்து காவல் தெய்வமாக நிலைகொள்கிறான். அவனுடைய பசியை அடக்கச் சொல்லி யாரும் அவனுக்கு உபதேசம் செய்வதில்லை. ஊரே கூடி அந்தப் பசிக்குப் படைக்கிறது. கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோற்கருவி முழங்க, கணியான் தன் முன்கையைக் கீறி, வழிகிற இரத்தத்தைப் படையல் சோற்றில் சேர்ப்பதை நேரில் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். சாமியாடி தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குப் போய்த் திரும்பும் வரை ஊர் விழித்திருக்கும். இரத்தம் அங்கே திருடப்படுவதில்லை, கொடுக்கப்படுகிறது. கொடுத்தவர்களை அந்தத் தெய்வம் ஆண்டு முழுவதும் காக்கிறது.

ஃபோர்க்ஸில் அப்படி ஓர் ஊர்க் கூட்டம் இல்லை. கல்லன் குடும்பத்தின் பசி யாருக்கும் தெரியாத இரகசியம்; அதை ஆற்றுவதற்கு விழாவோ படையலோ கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தம் பசியோடு போராட வேண்டும். மனித இரத்தம் இல்லாத தங்கள் உணவு முறை, சோயாப் பன்னீரை மட்டுமே தின்று காலம் தள்ளுவது போன்றது, வலிமை தரும், ஆனால் முழு நிறைவு தராது என்று எட்வர்டே படத்தில் சொல்கிறான். நாவலாசிரியர் மோர்மோன் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதும், நாவலின் முகப்பிலேயே விலக்கப்பட்ட கனியைப் பற்றிய ஆதியாகம வசனம் இடம்பெறுகிறது என்பதும் இங்கே நினைக்கத் தக்கவை. பள்ளி உணவகத்தில் பெல்லாவின் கை தட்டிக் கீழே விழும் ஆப்பிளை எட்வர்ட் காலால் ஏந்தி மேலே எறிந்து இரு கைகளையும் குவித்துப் பிடிக்கும் காட்சி, நாவலின் அட்டைப்படத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. ஞாயிறு பள்ளியில் அந்த வசனத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகள் பாளையங்கோட்டையில் ஏராளம். அவர்களுக்கு அந்த ஆப்பிளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் அண்ணன் மகளோடு உட்கார்ந்து லேப்டாப்பில் இந்தப் படத்தை மறுபடி பார்த்தபோது, கல்லன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பொருளில் அவள் கண் நின்றது. பட்டமளிப்பு விழாவில் அணியும் கறுப்புத் தொப்பிகள், பல நிறக் குஞ்சங்களோடு, ஒரு பெரிய சட்டத்துக்குள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. சாகாதவர்கள் ஒவ்வோர் ஊராக மாறும்போதும் மறுபடி பள்ளியில் சேர்ந்து, மறுபடி படித்து, மறுபடி தேறி வெளியே வருகிறார்கள் என்பதற்கு அதுதான் சான்று. "அத்தே, ஆயுசு பூரா பிளஸ் டூ படிக்கதுக்குப் பேசாம செத்துரலாம்" என்றாள் அவள். அந்த ஆண்டு அவளுக்குப் பொதுத் தேர்வு. அவள் சொன்னதில் நான் ஓர் உண்மையைக் கண்டேன்: இந்தப் படத்தில் சாகாவரம் வரமாகவே காட்டப்படவில்லை. தொண்ணூறு ஆண்டுகளாக அதே வயதில், அதே வகுப்பில், அதே பசியோடு நிற்பது எப்பேர்ப்பட்ட சிறை என்பதை வசனத்தால் சொல்லாமல் ஒரு சுவரைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபோர்க்ஸ் உண்மையான ஊர். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றை ஒலிம்பிக் மலைத்தொடர் தடுத்து நிறுத்துவதால் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அதே மலையின் மறுபுறம் மழை மறைவுப் பகுதியில் இருக்கும் ஊர்கள் வறண்டு கிடக்கின்றன. பொதிகை மலையின் அடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனி ஆடியில் மாஞ்சோலை மலையின் நாலுமுக்கிலும் ஊத்திலும் விடாமல் பெய்துகொண்டிருக்கும், குற்றாலத்தில் சாரல் விழும், திருநெல்வேலி நகரத்துக்கு வருவதோ காற்று மட்டும்தான். கல்லன் குடும்பம் ஃபோர்க்ஸைத் தேர்ந்ததற்குக் காரணமே அந்த மேகமூட்டம். வெயில் பட்டால் அவர்கள் தோல் வைரம் போல மின்னும். அதனால் வெயில் அடிக்கும் நாளில் அவர்கள் பள்ளிக்கு வர மாட்டார்கள். படப்பிடிப்பு பெரும்பாலும் ஃபோர்க்ஸில் நடக்காமல், ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரத்தைச் சுற்றியே நடந்தது என்றாலும், நிறங்களில் நீலமும் சாம்பலும் ஏறி, பச்சை கூட ஈரத்தில் கறுத்துத் தெரியும்படி ஒளிப்பதிவாளர் எலியட் டேவிஸ் அந்தப் பகுதியைக் காட்டியிருக்கிறார். பாசி படர்ந்த மரங்களும் நனைந்த பாறைகளும் நிறைந்த அந்தக் காட்டைப் பார்க்கும்போது காரையாற்றுக்கு மேலே இருக்கும் காடுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

எட்வர்டின் அழகைப் பற்றிப் பேசுவோர் சார்லியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பில்லி பர்க் நடித்த அந்தத் தந்தைக்கு வசனம் குறைவு. மகளை எப்படிக் கொஞ்சுவது என்று அவருக்குத் தெரியாது. மகளுடைய பழைய வண்டிக்குப் புது டயர் மாட்டிவிட்டு, பழையவை தேய்ந்துவிட்டன என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார். மகள் ஒரு பையனை வீட்டுக்கு அழைத்து வருகிறாள் என்றதும் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊர் அப்பாக்களை அறிந்தவர்களுக்கு இந்த மனிதரை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் இருக்காது. பாசத்தை வாயால் சொல்லாமல் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தே சொல்லி முடித்தவர்கள் அவர்கள். தன்னைத் துரத்தும் ஜேம்ஸ் என்ற இரத்தக்காட்டேரியிடமிருந்து தந்தையைக் காப்பாற்றுவதற்காக, பெல்லா இரவோடு இரவாக வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சிதான் படத்தின் மிகக் கொடிய காட்சி என்பேன். பல ஆண்டுகளுக்கு முன் தாய் அவரை விட்டுப் போகும்போது சொன்ன அதே சொற்களை அவள் வேண்டுமென்றே அவர் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவரைப் பின்தொடர விடாமல் நிறுத்த அந்தச் சொற்களால் மட்டுமே முடியும் என்று அவளுக்குத் தெரியும். கதவருகே அசையாமல் நின்றுவிடுகிற சார்லியின் முகத்தைக் கண்டபின், எந்தப் பல்லும் எந்தக் கழுத்தும் அந்த அளவுக்கு என்னை வருத்தவில்லை.

ஹார்ட்விக் இந்தப் படத்தில் செய்த பெருஞ்செயல், ஆசையைப் பெண்ணின் கண் வழியாகக் காட்டியது. நாவல் பெல்லாவின் குரலில் சொல்லப்படுவது. படத்திலும் அவள் குரலே நம்மை அழைத்துச் செல்கிறது. யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதைப் பெண் தீர்மானிக்கிறாள். அழகாக இருப்பதும், நாணி நிற்பதும், கண்ணைத் தாழ்த்திக்கொள்வதும் ஆணின் வேலையாகிவிடுகின்றன. முக்கிய நடிகர் தேர்வைக்கூட அவர் தம் வீட்டிலேயே நடத்தி, கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டையும் ராபர்ட் பேட்டின்சனையும் ஒன்றாக நடிக்க வைத்துப் பார்த்தார். இருவருக்கும் இடையே ஓடிய தயக்கம்தான் படத்துக்கு வேண்டிய உயிர் என்பதை உணர்ந்தார். அந்தத் தயக்கம் படம் முழுவதும் இருக்கிறது. பெல்லாவின் அறையில் முதன்முறையாக அவளை நெருங்குகையில், அவளை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு எட்வர்ட் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைக் கொண்டுவருகிறான்; சற்று நேரத்தில் தன்னைத் தானே பிய்த்து எறிந்தவன் போலப் பின்னே போய் விழுகிறான். கார்ட்டர் பர்வெல் இசையமைத்த தாலாட்டைப் பேட்டின்சன் பியானோவில் வாசிக்கும் காட்சியிலும் இருவரும் அருகருகே உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் நிகழ்வதில்லை. தெப்பக்குளத்துப் படியில் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொள்வதோடு ஒரு காதலே நடந்து முடிந்துவிடும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு, தொடாமல் இருப்பதற்குள் எவ்வளவு நடக்கும் என்பது தெரியும்.

இவ்வளவு சாதித்த இயக்குநருக்குப் பிறகு, தொடரின் மற்ற நான்கு படங்களையும் ஆண்களே இயக்கினார்கள். அவற்றில் செலவு கூடியது, ஓநாய்கள் பெருத்தன, சண்டைகள் நீண்டன. முதல் படத்தில் இருந்த, கையில் பிடித்த காமிராவின் நடுக்கமும் நெருக்கமும் திரும்பவே இல்லை.

எனக்கு இந்தப் படத்தோடு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது படத்தை விரும்பும் பெண்பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையாகாது. பெல்லா தூங்குவதைப் பார்ப்பதற்காக எட்வர்ட் மாதக்கணக்கில் இரவுகளில் அவள் அறைக்குள் வந்துபோயிருக்கிறான், அவளுக்கே தெரியாது. தெரிந்த பிறகு அவள் கோபப்படவில்லை. படம் அதைக் கனிவோடு கடந்துவிடுகிறது. சம்மதம் கேட்காமல் ஒரு பெண்ணின் அறைக்குள் நுழைபவன் எவ்வளவு அழகாக இருந்தாலும், எத்தனை நூற்றாண்டுக் கண்ணியம் உடையவனாக இருந்தாலும், அது அத்துமீறல்தான். அண்ணன் மகளிடம் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி இதைச் சொன்னேன். "எனக்கும் அது பிடிக்கல அத்தே, அவன் வேற எல்லாத்துலயும் நல்லவன்லா, அதான் கோவமா வருது" என்றாள்.

இன்னொரு மனக்குறை குவிலியூட் பழங்குடியினரைப் பற்றியது. பெல்லாவின் நண்பன் ஜேக்கப்பின் மக்களாகப் படத்தில் வரும் இவர்கள் கற்பனைக் குலத்தினர் அல்லர். லா புஷ் கடற்கரையில் இன்றும் வாழ்பவர்கள். ஊர் ஊராகப் போய் உருமாற்றம் செய்யும் ஒருவர் தங்கள் முன்னோரை ஓநாய்களிலிருந்து மனிதர்களாக்கினார் என்பது அவர்களுடைய தொன்மக் கதை. ஆள் ஓநாயாக மாறி இரத்தக்காட்டேரிகளை வேட்டையாடுவதெல்லாம் நாவலாசிரியரின் கற்பனை. அவர்களுடைய பெயர் உலகெங்கும் டீசர்ட்டுகளில் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அந்த மக்கள் சுனாமி அபாயமுள்ள தாழ்நிலத்திலிருந்து மேட்டு நிலத்துக்குக் குடிபெயர வழி தேடிக்கொண்டிருந்தார்கள். தேசியப் பூங்காவின் ஒரு பகுதியை அவர்களுக்குத் தரும் சட்டம் 2012இல்தான் வந்தது. தங்கள் தெய்வக் கதைகளை அந்நியர் எடுத்துப் புனைந்தால் எப்படி இருக்கும் என்பதை, நாட்டார் கதைகளைப் போற்றும் எங்கள் சீமைக்காரர்கள் உடனே உணர்வார்கள் என்று நினைக்கிறேன்.

படத்தின் உச்சம் ஃபீனிக்ஸ் நகரத்து நடனப் பள்ளியில் நிகழ்கிறது. தாயின் குரலைப் பழைய வீடியோ நாடாவிலிருந்து ஒலிக்கச் செய்து ஜேம்ஸ் பெல்லாவைத் தனியே வரவழைத்துவிடுகிறான். நாற்புறமும் கண்ணாடிகள் பதித்த அந்தக் கூடத்தில் அவள் மணிக்கட்டைக் கடித்தும் விடுகிறான். நஞ்சு ஏறத் தொடங்கியாயிற்று. இன்னும் சற்று நேரம் விட்டால் அவளும் அவர்களில் ஒருத்தியாகிவிடுவாள். அதைத் தடுக்க வேண்டுமென்றால் எட்வர்டே அவள் இரத்தத்தை உறிஞ்சி நஞ்சை எடுக்க வேண்டும்; எடுத்து முடித்ததும் நிறுத்தவும் வேண்டும். படம் முழுவதும் எந்த இரத்தத்தின் வாசனையிலிருந்து விலகி விலகி ஓடினானோ, அதே இரத்தத்தை வாயில் வாங்கிக்கொண்டு, பசி தீருவதற்கு முன்னால் வாயை எடுக்க வேண்டும். இதைவிடக் கடுமையான நோன்பை ஒரு காதலனுக்கு எந்தக் கதை விதித்திருக்கிறது? கார்லைல் அருகில் நின்று, நிறுத்தும் மன உறுதியைத் தேடு என்கிறார். எட்வர்டின் முகத்தில் ஆனந்தமும் அருவருப்பும் மாறி மாறி வருகின்றன; பெல்லாவின் நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது. அவன் நிறுத்துகிறான். பேட்டின்சனின் நடிப்பைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஒரு நிமிடத்தை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும்.

எங்கள் சீமையில் இதற்கு இணையாக நான் வைப்பது முத்துப்பட்டன் கதை. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்கள், அங்கே முத்துப்பட்டன் தெய்வமாகி நிற்கும் பட்டவராயன் சந்நிதியில் செருப்புகள் காணிக்கையாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். பட்டவராயன் இரவில் அவற்றை அணிந்து காட்டில் நடக்கிறார், அதனால்தான் அவை தேய்ந்துபோகின்றன என்பது மக்களின் நம்பிக்கை. பிராமணராகப் பிறந்த முத்துப்பட்டன், மலைவழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் குலச் சகோதரிகளைக் கண்டு காதல் கொள்கிறான். அந்தப் பெண்களின் தந்தை வாலப்பகடை, பூணூலையும் குடுமியையும் களைந்து, தோல் தொழில் கற்றுச் செருப்புத் தைத்து வந்தால் பெண் தருகிறேன் என்கிறார். அவன் அப்படியே செய்கிறான். அண்ணன்மார் எதிர்த்தும் கேட்கவில்லை. மணம் முடிந்த சிறிது காலத்திலேயே மாட்டைக் கவர வந்த கள்வர்களோடு போரிட்டு மாண்டுபோகிறான்; இரு பெண்களும் சிதையில் இறங்குகிறார்கள்; பிறகு மூவரும் தெய்வமாகிறார்கள். நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தார். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளே, காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று கதையைத் திருத்திப் பாடும் வழக்கமும் பிற்காலத்தில் ஏற்பட்டது. பிறப்பைத் துறந்து ஒருவன் கீழே இறங்கிவந்தான் என்பதை ஏற்க மனமில்லாதவர்கள் செய்த திருத்தம் அது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்ததும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இரண்டு உலகங்களைச் சேர்ந்த இருவர் காதலித்தால், யார் தன் உலகத்தைத் துறப்பது? முத்துப்பட்டன் கதையில், உயர்வு என்று ஊர் கருதியதை வைத்திருந்தவன்தான் அதைக் கழற்றி எறிகிறான். பெண்கள் அவனுக்காகத் தம் குலத்தையோ தொழிலையோ மாற்றிக்கொள்ளவில்லை. 'ட்வைலைட்' தொடரிலோ மாற வேண்டியவள் பெல்லாதான். பெற்றவர்களையும், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னுள்ள நீண்ட வாழ்க்கையையும், வெயிலையும், மூப்பையும், சாவையும் அவள் கொடுக்க வேண்டும். எட்வர்ட் மனிதனாக மாறுவதற்கு அந்தக் கதை உலகில் வழியே வைக்கப்படவில்லை. பெண்பிள்ளைகள் கல்யாணத்தோடு தங்கள் ஊரையும் வீட்டையும் விட்டுப் போவதே இயல்பு என்று சொல்லி வளர்க்கப்படும் நாட்டிலிருந்து பார்க்கும்போது, இது எனக்குக் கசக்கிறது.

ஆனால் முதல் படம் அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகவில்லை என்பதே அதன் பெருமை. பள்ளி ஆண்டிறுதி நடன இரவில், கால் கட்டோடு வந்திருக்கும் பெல்லா தன்னை இப்போதே மாற்றிவிடும்படி எட்வர்டைக் கேட்கிறாள். கழுத்தை நீட்டியும் கொடுக்கிறாள். அவன் குனிகிறான். நாமும் கடித்துவிடுவான் என்றே நினைக்கிறோம். அவன் முத்தமிட்டுவிட்டு, என்னோடு நீண்ட காலம் மகிழ்ச்சியாக வாழ்வது உனக்குப் போதாதா என்று கேட்கிறான். இப்போதைக்குப் போதும் என்கிறாள் அவள். கொடுக்க முன்வந்ததையும் ஏற்க மறுக்கும் அளவுக்கு அவன் பசியை வென்றிருக்கிறான், அவளோ தன் விருப்பத்தைக் கைவிடவில்லை. இருவரும் தத்தம் நிலையில் நிற்கும்போதே படம் முடிகிறது. பின்னால் வந்த படங்கள் அதைத் தீர்த்துவைத்தன, எனக்கு அந்தத் தீர்வைவிட இந்தத் தீராத நிலைதான் பிடித்திருக்கிறது.

அண்ணன் மகள் ஐந்து படங்களையும் பார்த்தவள், நான்கு நாவல்களையும் படித்தவள். என்னுடைய கசப்பை அவள் ஏற்கவில்லை. "பட்டன் செத்துல்லா சாமியானான் அத்தே. பெல்லா உயிரோட இருந்து புருசன், பிள்ளை, அப்பா எல்லாரையும் வச்சுக்கிட்டால்லா" என்றாள். பெல்லாவின் இதயமும் நின்ற பிறகுதானே அவள் மாறினாள் என்றேன். அதற்கு அவள், நான்காம் நாவலில் சார்லிக்கு ஏதோ மாறிவிட்டது என்று தெரிந்த பிறகும், என்ன ஏது என்று முழுவதும் கேட்காமலே அவர் மகளை வந்து பார்த்துக்கொண்டிருப்பதை நினைவூட்டினாள். அந்த ஒன்றில் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. சார்லி தன் மகளை ஏற்றுக்கொண்டார்; பட்டனின் அண்ணன்மார் தம்பியை ஏற்கவில்லை.